கார்புரேட்டரைக் கண்டுபிடித்தது யார்? நான் கழித்த ஒரு மதிப்பெண்

மாணவர்களே, ஆசிரியர்களும் தவறு செய்வார்கள். நான் செய்த ஒரு தவறிலிருந்தே இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் ஒரு புதிர்ப்போட்டி நடத்தினேன். மொத்தம் 20 கேள்விகள். அவற்றில் ஒன்று: "பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டரைக் கண்டுபிடித்தவர் யார்?" என் கையில் இருந்த விடைத்தாளில் ஒரே பெயர்தான் இருந்தது. ஜெர்மனியின் வில்ஹெல்ம் மைபாக். ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பள்ளி பஸ்ஸில் வரும் நான்காம் படிவ மாணவி ஒருத்தி, "பாங்கி, சோங்கா, ஹங்கேரி" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் கோடு போட்டேன். அந்த ஒரு மதிப்பெண்ணால் அவளுடைய குழு இரண்டாம் இடத்துக்குப் போனது.

மறுநாள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், நான் எழுதினது தப்பில்லை. ஒரு பூக்காரப் பொண்ணு பூவுக்குத் தண்ணி தெளிக்கிறதைப் பார்த்துத்தான் அவங்க ரெண்டு பேரும் கண்டுபிடிச்சாங்களாம். நான் படிச்சிருக்கேன்" என்றாள். "அது கதைம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு மனம் கேட்கவில்லை. உட்கார்ந்து தேடிப் படித்தேன். நான் போட்ட கோடு தவறு என்று தெரிந்தது. அவள் சொன்ன காரணமும் சரியில்லை என்று தெரிந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் இந்த வாரம் நான் உங்களிடம் சொல்ல விரும்புவது. "முதலில் கண்டுபிடித்தவர் யார்?" என்ற கேள்விக்கு ஒரு பெயரை மனப்பாடம் செய்வது அறிவியல் ஆகாது. ஒரு நல்ல கதையை நம்புவதும் அறிவியல் ஆகாது. என்ன, எப்போது, அது நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பதுதான் அறிவியல்.

முதலில், எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடுவோம்.

இப்போது கடையில் வரும் புதிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கார்புரேட்டர் இருப்பதில்லை. ஒரு சிறு கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. ஆனால் உங்கள் தாத்தா இன்னும் விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறாரே ஒரு பழைய கப்சாய், அதில் இருக்கிறது. என் அப்பா பால் மரம் வெட்டியவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்து வீட்டுப் படியில் பழைய நாளிதழை விரித்து, தம்முடைய ஹொண்டாவின் கார்புரேட்டரைக் கழற்றிப் பரப்புவார். உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பொருள். அதற்குள் ஒரு மிதவை, ஓர் ஊசி, பித்தளையில் செய்த ஒரு ஜெட். அந்த ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, நடுவில் உள்ள ஓட்டை வழியே வானம் தெரிகிறதா என்று பார்ப்பார். அடைத்திருந்தால் சைக்கிள் பம்பால் காற்றடிப்பார். கம்பி விட்டுக் குத்த என்னை விடமாட்டார். "ஓட்டை பெருசானா வண்டி எண்ணெய் குடிக்கும்" என்பார்.

அப்பா எஸ்.பி.எம். எழுதியவர் இல்லை. ஆனால் அவர் சொன்னது முழுக்க முழுக்க இயற்பியல். எப்படி என்று பாருங்கள்.

1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இதைக் கொள்ளளவில் சொன்னால்தான் வியப்பு புரியும். 1 லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் அதிகமான காற்று தேவை. தோட்டத்தில் பார்த்திருப்பீர்களே, 200 லிட்டர் தகர டிரம், அதில் 45 டிரம் நிறையக் காற்று! காற்று குறைந்தால் பெட்ரோல் எரியாமல் கரும்புகையாகப் போகும். காற்று கூடினால் இயந்திரம் திக்கித் திணறும். இந்த விகிதத்தை, மேட்டில் ஏறும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும், மெதுவாகப் போகும்போதும் வேகமாகப் போகும்போதும் ஓரளவு சரியாக வைத்திருப்பதே கார்புரேட்டரின் வேலை.

அது செய்யும் முறை எளிமையானது. பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. வழியில் குழாய் ஓரிடத்தில் இடுங்கியிருக்கிறது. அந்த இடுக்கில் காற்றின் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. ஐந்தாம் படிவ இயற்பியலில் 'பிரின்சிப் பெர்னோலி' என்று மலாயில் படிப்பீர்களே, அதே பெர்னோலி கோட்பாடுதான். கீழே மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை வெளிக்காற்றின் அழுத்தம் மேலே தள்ள, அது ஜெட்டின் சிறு ஓட்டை வழியே வந்து நுண் துளிகளாகச் சிதறிக் காற்றோடு கலக்கிறது. காற்று கூடுதலாகப் பாய்ந்தால் பெட்ரோலும் கூடுதலாக வரும். எவ்வளவு வரும் என்பதை முடிவு செய்வது ஓட்டையின் அளவு. அப்பா கம்பியை வாங்கி வைத்துக்கொண்டது அதற்காகத்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு நீர்க்குழலை இரண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டை முக்கால் குவளைத் தண்ணீரில் நேராக நிறுத்துங்கள். மற்றொரு துண்டை அதன் மேல்வாய்க்கு அருகில் கிடையாகப் பிடித்துப் பலமாக ஊதுங்கள். தண்ணீர் மேலேறி எதிரே தூறலாகத் தெறிக்கும். தண்ணீரில் மட்டும் செய்யுங்கள். பெட்ரோல் பக்கமே போக வேண்டாம்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் என்று பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்வது, 1885இல் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டை அடுத்த கான்ஸ்டாட் என்னும் இடத்தில் கோட்லீப் டைம்லரும் மைபாக்கும் செய்த வண்டியை. மரச்சட்டம், அரைக் குதிரைத்திறன் இயந்திரம், மணிக்கு 12 கிலோமீட்டர் வாக்கில் வேகம். விழாமல் இருக்கப் பக்கத்துக்கு ஒரு சிறு சக்கரமும் உண்டு. அதனால் 'இதை இரண்டு சக்கர வண்டி என்று சொல்லலாமா?' என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வண்டியே இன்று இல்லை. 1903இல் தொழிற்சாலையில் பிடித்த தீயில் எரிந்துபோனது. அருங்காட்சியகங்களில் நிற்பவை பின்னால் செய்யப்பட்ட பிரதிகள்.

அந்த முதல் வண்டியில் நான் மேலே சொன்ன தூவும் வித்தை கிடையாது. அதில் இருந்தது மேற்பரப்புக் கார்புரேட்டர். பெட்ரோல் இருக்கும் கலத்தின் வழியாகக் காற்றைச் செலுத்துவார்கள். காற்று பெட்ரோல் ஆவியைச் சுமந்துகொண்டு இயந்திரத்துக்குப் போகும். நறுமணக் குப்பியைத் திறந்து வைத்தால் மணம் பரவுவது போல. இதில் குறை என்ன? பெட்ரோலில் உள்ள இலேசான பகுதி முதலில் ஆவியாகிப் போய்விடும். கனமான பகுதி அடியில் தங்கிவிடும். குளிர் கூடினால் ஆவி குறையும். மேடுபள்ளச் சாலையில் வண்டி குலுங்கினால் கலவையும் மாறும். ஆவியாவதற்குக் காத்திராமல் பெட்ரோலையே அளந்து தூவுவதுதான் அடுத்த பெரிய படி.

அந்தப் படியை முதலில் ஏறியது யார்? இங்கேதான் வழக்கு.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் டொனாட் பாங்கி, யானோஷ் சோங்கா என்று இரண்டு பொறியாளர்கள். சோங்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பட்டறையை நடத்தியவர். பாங்கி கான்ஸ் என்னும் பெரிய இயந்திரத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். இருவரும் சேர்ந்து தூவும் கார்புரேட்டருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1893 பிப்ரவரி 11ஆம் நாள். மைபாக் தம்முடைய தூவும் கார்புரேட்டருக்குக் காப்புரிமை பெற பிரான்சில் விண்ணப்பித்தது 1893 ஆகஸ்ட் 17ஆம் நாள். ஆறு மாத இடைவெளி. தாளில் உள்ள தேதியைப் பார்த்தால் என் மாணவியின் பக்கமே நியாயம் இருக்கிறது.

ஆனால் அவசரப்படாதீர்கள். காப்புரிமைத் தேதி என்பது விண்ணப்பம் அலுவலகத்துக்கு வந்த நாளைக் காட்டும். யோசனை மனத்தில் உதித்த நாளைக் காட்டாது. மைபாக்கும் அதற்கு முன்பிருந்தே இதில் உழைத்து வந்தார். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்தார் என்பதற்கும் அந்த இரண்டு தேதிகள் சான்றாகா. ஒரே வகுப்பில் இரண்டு பேர் ஒரே விடை எழுதினால் காப்பி அடித்தார்கள் என்றும் சொல்லலாம், இருவருக்கும் பாடம் தெரிந்திருந்தது என்றும் சொல்லலாம். தேதி மட்டும் அதைத் தீர்த்து வைக்காது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் வேறு பெயர்களும் எழுந்து நிற்கின்றன. இங்கிலாந்தின் எட்வர்ட் பட்லர் 1884இலேயே மூன்று சக்கரப் பெட்ரோல் வண்டியின் வரைபடங்களை லண்டனில் காட்சிக்கு வைத்தார். 1888இல் வண்டியைச் செய்து முடித்தார். பெட்ரோல் மட்டத்தைச் சீராக வைக்கும் மிதவை அவருடைய கார்புரேட்டரில் இருந்தது. இயந்திர வண்டி மெதுவாகத்தான் போக வேண்டும், அதைக் கவனிக்க ஆட்கள் இருக்க வேண்டும் என்று அன்றைய இங்கிலாந்துச் சட்டம் கட்டிப்போட்டதால் அவரால் மேலே போக முடியவில்லை. இன்னும் பின்னால், 1826இல், அமெரிக்காவின் சாமுவேல் மோரி டர்பன்டைன் ஆவியையும் காற்றையும் கலந்து ஓடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார்.

இப்போது சொல்லுங்கள், யார் முதல்வர்? ஆவியையும் காற்றையும் கலந்தவர் என்றால் ஒரு விடை. மிதவை வைத்தவர் என்றால் வேறு விடை. தூவும் கார்புரேட்டருக்கு முதலில் விண்ணப்பித்தவர் என்றால் இன்னொரு விடை. என் புதிர்க் கேள்வியில் 'கண்டுபிடித்தவர்' என்ற சொல்லுக்கு நான் பொருள் சொல்லவே இல்லை. கேள்வி சரியில்லை, தண்டனை மாணவிக்கு!

இன்னொன்றும் கவனியுங்கள். முதன்முதலாக அதிக எண்ணிக்கையில் செய்து விற்கப்பட்ட மோட்டார் சைக்கிள், ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹில்டபிராண்ட், வுல்ஃப்முல்லர் நிறுவனத்தார் 1894இல் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே தூவும் கார்புரேட்டர் வந்துவிட்டது. ஆனாலும் அந்த வண்டியில் இருந்தது பழைய மேற்பரப்புக் கார்புரேட்டர்தான். ஒரு பொருள் பிறந்த நாளும் அது எல்லார் கையிலும் வந்து சேரும் நாளும் ஒன்றல்ல.

சரி, அந்தப் பூக்காரப் பெண்?

ஹங்கேரியில் இன்றும் விரும்பிச் சொல்லப்படும் கதை அது. தெருவில் ஒரு பூக்காரப் பெண் சிறு குழாயை வாயில் வைத்து ஊதிப் பூக்களின் மேல் தண்ணீரைத் தூறலாகத் தெளித்துக் கொண்டிருந்தாளாம். அதைப் பார்த்ததும் பொறியாளருக்குப் பெட்ரோலை இப்படித் தூவலாமே என்று பொறி தட்டியதாம். நியூட்டனின் ஆப்பிள், ஆர்க்கிமிடீசின் குளியல் தொட்டி என்று நமக்குத் தெரிந்த கதைகளின் உடன்பிறப்பு இது.

நான் இந்தக் கதையை வெறுக்கவில்லை. இதில் உள்ள இயற்பியல் சரியானது. நீர்க்குழல் சோதனையில் நீங்கள் செய்ததும் அந்தப் பெண் செய்ததும் ஒன்றுதான். இனிமேல் கார்புரேட்டர் பாடத்தை நான் இந்தக் கதையோடுதான் தொடங்கப் போகிறேன். ஆனால் விளக்கம் வேறு, சான்று வேறு. கதை ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று காட்டலாம். அதை யார் எப்போது செய்தார் என்பதை நிறுவாது.

அதோடு, இந்தக் கதை ஒன்றை மறைத்தும் விடுகிறது. டேனியல் பெர்னோலி தம்முடைய நூலை வெளியிட்டது 1738இல். குழாயின் இடுங்கிய பகுதியில் அழுத்தம் குறைவதை இத்தாலியின் வென்சுரி எழுதி வெளியிட்டது 1797இல். பல் ஆண்டுகளாகப் படிப்பும் பட்டறையும் தெரிந்த இரண்டு பேர் அரத்தால் உரசி, ஓட்டையை மாற்றி மாற்றித் துளைத்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி கழற்றிச் செய்த வேலையை, கதை ஒரே ஒரு கணத்துக்குள் அடக்கிவிடுகிறது. இதைக் கேட்கும் மாணவர் என்ன நினைப்பார்? 'எனக்கு அப்படி ஒரு கணம் வரவில்லையே, அறிவியல் எனக்கு வராது போலிருக்கிறது' என்று நினைப்பார். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகள் இப்படிச் சொல்லி அறிவியல் பிரிவை விட்டு விலகுவதை நான் பார்த்திருக்கிறேன். பாங்கிக்கும் சோங்காவுக்கும் மைபாக்குக்கும் பொதுவாக இருந்தது பூக்காரப் பெண் அல்ல, பட்டறை.

சிலர் கேட்கலாம்: "130 ஆண்டுக்கு முந்தைய ஐரோப்பியச் சண்டை. யார் முதல்வராக இருந்தால் நமக்கென்ன?" அதற்கு இரண்டு பதில்கள் என்னிடம் உண்டு.

முதல் பதில் ஆஸ்திரியாவின் வியன்னாவில் இருக்கிறது. அங்கே சீக்ஃப்ரீட் மார்கஸ் என்று ஒரு யூதப் பொறியாளர் இருந்தார். பெட்ரோல் வண்டியின் முன்னோடிகளில் ஒருவர். அவருடைய கார்புரேட்டரில் சுழலும் தூரிகை ஒன்று பெட்ரோலைக் காற்றில் தெறிக்கச் செய்தது. நாஜிகள் 1938இல் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியதும், வியன்னா தொழில்நுட்பக் கல்லூரியின் முன் இருந்த அவருடைய நினைவுச் சின்னத்தை அகற்றினார்கள். 1940இல் ஜெர்மனியின் பிரச்சார அமைச்சு, கலைக்களஞ்சியங்களில் மார்கசின் பெயருக்குப் பதிலாக டைம்லர், பென்ஸ் பெயர்களையே போட வேண்டும் என்று எழுத்தால் உத்தரவிட்டது. 'முதல்வர் யார்' என்ற ஒற்றை வரி விடையை ஓர் அரசு நினைத்தால் ஒரு கடிதத்தில் மாற்றிவிடலாம். சான்றைக் கேட்டுப் பழகாத மாணவர் அதையும் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியிருப்பார்.

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. மார்கசின் புகழ்பெற்ற வண்டி 1875இல் செய்யப்பட்டது என்று அவரைப் போற்றுவோர் நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். அப்படியானால் அவர் டைம்லருக்கும் பென்சுக்கும் பத்தாண்டு முந்தியவர். பின்னர் ஆவணங்களைத் துருவிப் பார்த்தபோது அந்த வண்டி 1888, 1889 வாக்கில் செய்யப்பட்டது என்று தெரிய வந்தது. அநீதி இழைக்கப்பட்டவர் என்பதற்காக அவர் பக்கத்துத் தேதியைச் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ள முடியாது. நமக்குப் பிடித்தவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். இது கடினம். ஆனால் இதுதான் நேர்மை.

இரண்டாவது பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 16 வயதானால் நீங்கள் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். எடுத்ததும் ஒரு கதை உங்கள் காதுக்கு வரும். மெர்லிமாவ் பக்கத்துக் கோப்பிக் கடை ஒன்றில் நானே கேட்டிருக்கிறேன். "ஒரு கேலன் எண்ணெயில 200 மைல் ஓடுற கார்புரேட்டரை ஒருத்தன் எப்பவோ கண்டுபிடிச்சிட்டான். எண்ணெய்க் கம்பெனிக்காரன் அமுக்கிட்டான்." என்னிடம் படித்த ஒரு பையன் இந்தக் கதையை நம்பி, பெட்ரோல் குழாயில் மாட்டினால் பாதி எண்ணெய் மிச்சமாகும் என்று விற்கப்பட்ட ஒரு சிறு உருளையை, பள்ளி விடுமுறையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கினான். ஒரு சொட்டும் மிச்சமாகவில்லை.

இந்தக் கதைக்கு ஒரு வேர் உண்டு. கனடாவின் வினிபெக் நகரைச் சேர்ந்த சார்லஸ் நெல்சன் போக் என்பவர், பெட்ரோலை முழுதாக ஆவியாக்கும் கார்புரேட்டர் என்று சொல்லி 1930களில் அமெரிக்காவில் காப்புரிமைகள் பெற்றார். கேலனுக்கு 200 மைல் என்ற பேச்சு அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. அதைச் சோதித்துப் பார்ப்போமா? காப்புரிமை பெற்ற பொருளின் வரைபடமும் விளக்கமும் அச்சாகி எல்லாருடைய பார்வைக்கும் வந்துவிடும். சில ஆண்டுகளில் உரிமையும் காலாவதியாகும். பிறகு யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். அச்சிட்டு வெளியிட்ட ஒன்றை எப்படி அமுக்குவது?

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நன்றாக அமைத்த சாதாரண கார்புரேட்டரிலேயே, 100 பங்கு பெட்ரோலில் 90 பங்குக்கு மேல் எரிந்துவிடுகிறது. மீதி முழுவதையும் எரித்தால்கூட, லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் கப்சாய் 55 அல்லது 56 கிலோமீட்டர்தான் ஓடும். பெட்ரோலின் ஆற்றல் பெருமளவில் வீணாவது எரியாமல் அல்ல. எரிந்த பிறகு, புகைபோக்கி வழியாகவும் இயந்திரத்தின் உடல் வழியாகவும் வெப்பமாக வெளியேறி. அதை எந்தக் கார்புரேட்டராலும் தடுக்க முடியாது. பத்து நிமிடக் கணக்கு அந்தப் பையனின் பணத்தைக் காப்பாற்றியிருக்கும். அவனுக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்காதது என் தவறும்தான்.

என் சக ஆசிரியர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "தேர்வுக்கு ஒரு விடை வேண்டாமா? இப்படிக் குழப்பினால் பிள்ளைகள் எதை எழுதுவார்கள்?" என்றார். நியாயமான கேள்வி. தேர்வுக்கு ஒரு விடை வேண்டும்தான். அப்படியானால் ஒரே விடை உள்ள கேள்வியைக் கேட்போம். "1893 பிப்ரவரியில் தூவும் கார்புரேட்டருக்குக் காப்புரிமை கேட்டவர்கள் யார்?" என்று கேட்டால் குழப்பம் இல்லை. "பாங்கி, மைபாக் இருவரின் தேதிகளும் கீழே உள்ளன. ஒருவர் மற்றவரைப் பார்த்துச் செய்தார் என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா? காரணம் தருக" என்று கேட்டால் இன்னும் நல்லது. அதற்கு விடை எழுதத் தெரிந்த மாணவர் கோப்பிக் கடையிலும் ஏமாற மாட்டார்.

கடைசியாக, மலாக்காக்காரர்களான நமக்கு மட்டுமே உரிய ஒன்றைச் சொல்கிறேன். பெட்ரோல் வண்டிகள் பெருகியதால் டயருக்கு ரப்பர் பெருமளவில் வேண்டியதாயிற்று. தூவும் கார்புரேட்டர் வந்து மூன்று ஆண்டு கழித்து, 1896இல், நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக்கிய முதல்வர் என்று அவருடைய பெயரை வரலாற்றில் படிக்கிறோம். அந்த ரப்பர் பெருகப் பெருகத்தான் நம் கொள்ளுத்தாத்தாக்களும் கொள்ளுப்பாட்டிகளும் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி வந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. 'முதல்வர் யார்' என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனால், மற்றவர்கள் எல்லாம் வரலாற்றின் வெளியே நின்றுவிடுவார்கள்.

ஆகவே உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். தெபோங்கிலோ அலோர் காஜாவிலோ மஸ்ஜித் தானாவிலோ, உங்கள் ஊர்ப் பட்டறையில் கார்புரேட்டரைச் சத்தத்தை வைத்தே சரிசெய்யும் பெரியவர் ஒருவர் இருப்பார். இனி வரும் வண்டிகளுக்கு அவருடைய கைவேலை தேவைப்படாது. அவர் ஓய்ந்த பிறகு அந்த அறிவும் போய்விடும். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் அவரிடம் கேளுங்கள். எந்த ஆண்டு வேலைக்கு வந்தார், யாரிடம் கற்றார், எந்த வண்டியில் எந்தக் கோளாறுக்கு என்ன செய்வார். அவர் சொல்வதை எழுதும்போது, அவர் கண்ணால் கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். தேதி போடுங்கள். அவர் சொல்லும் வேடிக்கைக் கதைகளையும் விடாமல் எழுதுங்கள். கதை என்று பக்கத்தில் குறித்து வையுங்கள்.

அடுத்த கழகக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் என் தவறைச் சொல்லி, அந்த மாணவியின் குழுவுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு குழுக்களும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கடைசியில் ஒன்று கேட்டாள்.

"டீச்சர், அந்தப் பூக்காரப் பொண்ணோட பேரு என்ன?"

எங்கேயும் எழுதி வைக்கவில்லை என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படின்னா அவங்க இருந்தாங்களான்னே சொல்ல முடியாதுல்ல" என்றாள். தன்னுடைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பூக்காரப் பெண் என்று எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அதற்கு இன்னொரு மதிப்பெண் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.